சக்காரியாசியின் பச்சைக்கல்

கோடரியின் பின்புறத்தால் கல்லை இரண்டு தட்டு தட்டிவிட்டு, குனிந்து அதன்மேல் காதை வைத்துக் கேட்பார் சக்காரியாசி. அந்த வடதுருவக் கடலோர ஊரில் யாராவது சிற்பம் செதுக்கப் புதுக்கல் இறக்கினால் போதும், கூப்பிடாமலே வந்துவிடுவார். கேட்டு முடித்ததும் உதட்டைப் பிதுக்குவார். கல்லின் சொந்தக்காரருக்கு அன்றைய தேநீர் கசந்துபோகும்.

மாக்கல்லைக் கண்டால் அவருக்கு ஆகாது. "இது கல்லா? உறஞ்ச கொழுப்பு. நகத்தாலயே கீறலாம்." வெள்ளைப் பளிங்கு என்றால், "பனிக்கு நடுவுல உக்காந்து பனியச் செதுக்கி யாருகிட்ட காட்டப்போற?" தெற்குத் தீவுக்காரர்களின் வழவழப்பான கறுங்கல்லுக்கும் அவரிடம் மரியாதை இல்லை: "அடுப்புக்கரி." அவர் ஒப்புக்கொள்ளும் கல் ஒன்றுதான். வெயிலில் பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் கசியும் பச்சைக்கல். அதில் அவர் செதுக்குவது கரடி மட்டும். எல்லாக் கரடிகளுக்கும் அவருடைய முகமே வாய்த்திருக்கிறது. வயிறு நிறையத் தின்றுவிட்டு அடுத்தவன் தட்டை எட்டிப் பார்க்கும் முகம்.

அவருடைய தம்பி நூவியாவின் மனைவி ஈவாலு மாக்கல்லில் சீல் என்னும் கடல்நாய்களும் குழந்தையைச் சுமக்கும் பெண்களும் செதுக்குகிறவள். ஒருமுறை அவரிடம் கேட்டாள்: "அத்தான், உங்கம்மா ஏத்துன சீலெண்ணெய் விளக்கு எந்தக் கல்லு?"

"மாக்கல்லுதான். ஆனா அது விளக்கு. நான் சிற்பத்தப் பத்திப் பேசுறேன்."

"அந்தக் கொழுப்பு எரியலன்னா இந்தக் குளுருல நீங்க பேச இருந்திருக்க மாட்டீங்க."

அவர் அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவள் வாழ்வில் அமைதியாகக் கழிந்த வாரங்களில் அதுவும் ஒன்று.

போன கோடை முடிவில் மூன்று பேரும் ஒரே படகில் கல்லெடுக்கப் போனார்கள். ஈவாலுவும் நூவியாவும் தங்கள் பங்குக்கு மாக்கல்லும் கொஞ்சம் பளிங்கும் உடைத்து ஏற்றினார்கள். பனிக்காலம் முழுக்கச் செதுக்க அதுதான் கையிருப்பு. சக்காரியாசி ஒரே பாறையாக, கொழுத்த சீல் அளவுக்கு ஒரு பச்சைக்கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தார். "ரெண்டா உடைச்சி ஏத்துங்கண்ணே, படகு அமுங்குது," என்றான் நூவியா. "நீ ஒன்னோட கொழுப்பக் கொறச்சி ஏத்து," என்றார் அண்ணன்.

திரும்பும்போது நீரோட்டமும் காற்றும் எதிரெதிரே மோதி அலை எழும்பியது. படகின் விளிம்புக்கு மேலே தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஈவாலு தேநீர்ச் சட்டியால் அள்ளி அள்ளிக் கொட்டினாள்.

"பாரத்தக் கொறைங்க," என்று மோட்டார்ப் பக்கமிருந்து கத்தினான் நூவியா.

சக்காரியாசி எழுந்து வேலையைத் தொடங்கினார். அந்த நேரத்திலும் தரம் பார்த்தார் என்பதைத்தான் ஈவாலுவால் இன்றுவரை நம்பமுடியவில்லை. "இது மாக்கல்லு, போவட்டும். இதுல கீறல் இருக்கு, போவட்டும். இது பளிங்கு." அவளுடைய கல் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போனது. எல்லாம் போன பிறகும் தண்ணீர் ஏறியது.

"அண்ணே, அதத் தள்ளுங்க."

"இதோட தரம் ஒனக்குத் தெரியாதுடா," என்றவர் உப்பிட்ட மீன் பெட்டியைத் தள்ளினார். கூடாரத்தைத் தள்ளினார். பிறகு, யாரும் தடுப்பதற்குள், மிச்சமிருந்த பெட்ரோல் டின்னையும் தள்ளினார். தண்ணீர் ஏறுவது நின்றது.

ஊர் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்த தூரத்தில் பெட்ரோல் தீர்ந்து மோட்டார் நின்றது. காற்று அவர்களை வெளிக்கடல் பக்கம் தள்ளியது. ஈவாலுவும் நூவியாவும் ஆளுக்கொரு துடுப்பைப் பிடித்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. சக்காரியாசி கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் ஒரு கை போடலாம்ல அத்தான்?" என்றாள் ஈவாலு.

"படகு ஆடாம இருக்கணும்ல? நான்தான் அமுக்கிப் புடிச்சிருக்கேன்."

எதிரே வந்த சீல் வேட்டைப் படகொன்று அவர்களைக் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது. மறுநாள் காலையில் கடைவாசலில் நின்று, நிதானம் தவறாமல் பாரத்தைக் குறைத்துத் தம்பி குடும்பத்தைக் காப்பாற்றியதைச் சக்காரியாசி சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் சிலர் தலையாட்டவும் செய்தார்கள்.

கடல் உறைந்தது. இனிக் கல்லெடுக்கப் போவது அடுத்த கோடையில்தான். அதுவரை ஈவாலு வீட்டு அரங்களுக்கு வேலையில்லை. சக்காரியாசி வீட்டுப் பின்புறத்தில் கல்லறுக்கும் கிரைண்டர் நாள் முழுக்க இரைந்தது. பச்சைப் புழுதி பனிமேல் படிந்தது. இந்த ஊரில் ஒருவன் சீல் அடித்தால் பக்கத்து வீட்டுக்கு ஈரல் போகும். கல்லுக்கும் அந்த வழக்கம் உண்டு என்று நம்பி ஈவாலு ஒருநாள் அங்கே போய் நின்றாள். வெட்டி எறிந்த துண்டுகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன.

"ஏதாச்சும் ஒரு துண்டு இருந்தா குடுங்க அத்தான். குட்டிச் சீல் ஒண்ணு செஞ்சுக்குறேன்."

சக்காரியாசி கிரைண்டரை நிறுத்தினார். முகமூடியைக் கழற்றினார். "அதுக்கென்ன, நம்ம குடும்பந்தான," என்றார். குவியலைக் கிளறி, முஷ்டி அளவில் ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் கையுறையைக் கழற்றிக் கை நீட்டினாள். துண்டு அவள் விரலைத் தொடும் முன்பு அவர் அதைப் பின்னுக்கு இழுத்து, வெயிலுக்கு நேரே பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அதைத் தம் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடத் தொடங்கினார்.