வராத பெண்ணின் வருகை

பிள்ளைகளா, மூத்தவளின் ஏழாம் வகுப்பு டீச்சர் ஏன் வேறு பள்ளிக்குப் போனார் என்று தெரிந்ததிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சின்னவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. வாயால் சொன்னால் பாதியில் யாருக்காவது கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

மூத்தவளே, உன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்த தெற்கத்திப் பெண்ணிடமிருந்து தொடங்குகிறேன். அவள் அப்பா இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தார். நம் தெருக்கோடி லைன் வீட்டில் கடைசி அறையில் குடியிருந்தார்கள். அவர் ஆஃபர் முடிந்ததும் சிம்மை மாற்றிவிடுவார். வேலை நேரத்தில் போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அம்மாவுக்குப் போன் கிடையாது. அவளைப் பள்ளியில் சேர்த்தபோது, கம்ப்யூட்டரில் பெற்றோர் நம்பர் இல்லாமல் பக்கம் நகரவில்லை. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர், நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீட்டில் இருப்பவன். உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமா, ஓடிபி வந்தா சொன்னா போதும் என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நம் ஊரில் இது வழக்கம்தான். இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரர் நம்பர் இருந்தது.

அதன்பிறகு நான் ஒரகடத்தில் வேலை முடிந்து வந்து படுத்தபின், பள்ளி ஆப்பிலிருந்து முதலில் உன் பெயரில் ஒரு செய்தி வரும். அடுத்து அவள் பெயரில். ‘உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வருகை தந்துள்ளார்.’ இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கண் மூடுவேன். பழகிவிட்டது.

கான்ட்ராக்ட் முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குட்டியானை வண்டியில் கட்டிலும் கேஸ் அடுப்பும் ஏற்ற நானும் கை கொடுத்தேன். டி.சி. வாங்கவில்லையா என்று கேட்டதற்கு, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, எங்கே போனாலும் தானாக வந்துவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னதாக அவள் அப்பா சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வண்டியின் பின்னால் சாமான்களுக்கு நடுவே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கை காட்டவில்லை. தெரு திரும்பும்வரை நம் வீட்டையே பார்த்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை உன் செய்தி வந்தது. அடுத்து அவள் செய்தி வந்தது. வருகை தந்துள்ளார்.

திரும்பி வந்துவிட்டார்களோ என்று சட்டையை மாட்டிக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். கடைசி அறையில் அதற்குள் வேறு பையன்கள் வந்திருந்தார்கள். அவள் செருப்பு விடும் இடத்தில் சேஃப்டி ஷூக்கள் வரிசையாக இருந்தன. யாரும் வரவில்லை என்றார்கள்.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் போர்வை கட்டியிருப்போம் இல்லையா, அந்த இருட்டில் போன் வெளிச்சம் சுவரில் விழும். உங்கள் அம்மா வேலைக்குப் போயிருப்பாள். ‘உங்கள் மகள்’ என்று படிக்கும்போதெல்லாம் வீட்டுக்குள் யாரோ நிற்பதுபோல இருக்கும். எழுந்து அடுப்படி வரை போய்ப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் அம்மா யாருடைய போனிலிருந்தோ பேசினாள்.

“அண்ணே, இங்கன பிள்ளைய சேக்க மாட்டேங்காவ. அவ அங்கன தெனமும் பள்ளிக்கூடம் போறான்னு கம்ப்யூட்டர்ல காட்டுதாம். எம்பிள்ள என் பக்கத்துலதாம்ணே நிக்கா.”

தினமும் அழைத்துப்போய், வெளியே நின்றுவிட்டுத் திரும்புகிறார்களாம். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால், அக்கம்பக்கத்துப் பெண்களோடு தீப்பெட்டி ஒட்ட அனுப்பிவிடலாம் என்று அவள் அப்பா சொல்கிறாராம். அதைச் சொல்லும்போது அந்தத் தாயின் குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் நான் தூங்காமல் நேராகப் பள்ளிக்கு வந்தேன். உன் வகுப்புக்கு வெளியே, ஜன்னல் ஓரம் நின்றேன். டீச்சர் தலையைக் குனிந்து போனைப் பார்த்தபடி பெயர் கூப்பிட்டார். சிக்னல் அந்த ஒரு மூலையில்தான் கிடைக்கும், நேரம் தவறினால் மேலிருந்து கேள்வி வரும். ஆப்பில் எல்லாப் பெயரும் பச்சையாகவே இருக்கும்; வராதவர்களைத் தொட்டால்தான் சிவப்பாகும். உன் பெயர் வந்தது. நீ பதில் சொன்னாய். பிறகு அவள் பெயர்.

ஒரு மூச்சு அளவுக்கு அமைதி. அப்புறம், “உள்ளேன் டீச்சர்.”

அந்தத் தெற்கத்தி இழுப்பு, அதே மெல்லிய குரல். எட்டிப் பார்த்தேன். பெஞ்சின் ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு நீங்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தீர்கள். யாருடைய உதடும் அசைந்ததாக எனக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் உன்னிடம் கேட்டேன். நீ மறைக்கவில்லை.

“அவ போய்ட்டாப்பா. ஆனா கிளாஸ்ல கீறா.”

“இன்னாம்மா சொல்ற?”

“ஒரு ஆளு கொறஞ்சா டீச்சர வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்களாம். ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கினாங்க. அதான் நாங்க மொறை வெச்சுக்கினு அவளுக்கு உள்ளேன் சொல்றோம்.”

இவ்வளவுதானா என்று இருந்தது. இன்று யார் முறை என்று கேட்டேன்.

“இன்னிக்கு மொறைக்காரி லீவு. யார் சொன்னான்னு யாருக்கும் தெரிலப்பா.”

அதை நீ விளையாட்டாகச் சொல்லவில்லை. நானும் மேலே கேட்கவில்லை.

மறுநாள் மதியம் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து அவள் பெயரைப் பார்த்தார். வாரம் முழுக்கப் பச்சை. ஒன்றைத் தொட்டுப் பார்த்தார், சுடுவதுபோல விரலை எடுத்துக்கொண்டார். தான் தினமும் பார்ப்பது வகுப்புகளை இல்லை, இந்தப் பச்சையைத்தான் என்றார். காலையில் மேலே அனுப்ப வேண்டியதை அனுப்பி முடிக்கவே நேரம் போய்விடுகிறதாம். பிறகு என்னைப் பார்த்தார்.

“எடுத்துட்டா எண்ணிக்கை ஒண்ணு கொறையும். கடைசியா வந்த டீச்சர் அவங்கதான், அவங்களத்தான் அனுப்புவாங்க. உங்க பொண்ணு கிளாஸ்ங்க. தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?”

“அந்தப் பொண்ணு அங்க வெளிய நிக்குது மேடம்.”

அவர் திரையில் ஏதோ தட்டினார். என் போனுக்கு ஓடிபி வந்தது, ‘உங்கள் மகளை விடுவிக்க’ என்று. நான் அவளுக்கு அப்பா இல்லை. ஆனாலும் அந்த எண்ணை இரண்டு தடவை சரிபார்த்துத்தான் படித்துச் சொன்னேன். அவள் இப்போது கம்ப்யூட்டரில் எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன்.

“பொதுவுலங்க. எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இல்லாத பிள்ளைங்க இருக்குற இடம். அவங்க அங்க எடுத்துக்குற வரைக்கும் அங்கதான் இருப்பா.”

அந்த இடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். பெயர்கள்தான் இருக்கும், பார்க்க ஒன்றும் இல்லை என்று திரையை மூடிவிட்டார். அவள் அம்மா என்னிடம் பேசிய நம்பருக்கு அவரே போன் செய்து, நாளைக்கே அழைத்துப் போங்கள் என்று சொன்னார். மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள். டீச்சரின் மாற்றல் உத்தரவு அடுத்த மாதம் வந்தது. அதற்கு நான்தான் காரணம் என்று நீ நினைப்பது தப்பில்லை.

ஆனால் அன்று மதியம் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தபோது நீங்கள் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தீர்கள். உன் வகுப்பில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பெஞ்சின் ஓரத்தில் அந்த இடம் அப்படியே விடப்பட்டிருந்தது. அதைப் பார்க்காமல் கரும்பலகைக்குப் போனேன். மூலையில் வழக்கம்போலப் பதிவு என்றும் வருகை என்றும் எழுதி எண்கள் போட்டிருந்தன. இரண்டையும் உள்ளங்கையால் துடைத்தேன். கீழே கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, இரண்டிலும் ஒன்று குறைத்து, டீச்சர் எழுத்து மாதிரியே மெதுவாக எழுதினேன்.