கூடாரம் வீட்டார் எத்தனை பேர்?

எங்கள் குடும்பப் பெயர் கூடாரம். பூந்தமல்லியில் எங்கள் ஆட்கள் கல்யாணப் பத்திரிகை அடித்தால் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயரையும் போடுவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அழகழகாக இருக்கும். எங்களுடையது மட்டும் மழைக்கு ஒதுங்குகிற இடம் மாதிரி நிற்கும்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குக் கூடாரம் தைத்துக் கொடுத்த பரம்பரை நாம் என்பார் அத்தா. அம்மாவின் தம்பிக்கு அது பொறுக்காது. "தைச்சாங்களாமே! எவன் ஊட்டுக் கல்யாணத்துக்கோ வாங்கின கூடாரத்தத் திருப்பித் தராம அமுக்கிகினாங்க, அதான் பேரு ஒட்டிகிச்சு" என்பார். எது நிஜம் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு மாமாவின் கதைதான் பிடித்திருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தா விளையாட மாட்டார். அவர் வீட்டுக்கு ஒரே பையன். அவருக்குப் பிறந்தது அக்காவும் நானும். கட்டிக்கொடுத்துவிட்டால் நாங்கள் வேறு வீட்டுப் பெயருக்குப் போய்விடுவோம். "என்னோட இந்தப் பேரு முடிஞ்சுது" என்று யாரிடமாவது சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய பயமாக இருந்தது. வேறு எங்காவது ஒரு கூடாரம் வீடு இருந்தே தீர வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். வந்த விருந்தாளிகளையெல்லாம் கேட்டுத் துளைத்தேன். அக்காவின் செல்போனில் தேடினால், வாடகைக்கு ஷாமியானா விடுகிறவர்களாக வந்து குவிந்தார்கள்.

ஒருநாள் அம்மாவோடு போரூருக்குப் பஸ்ஸில் போனேன். மெட்ரோ வேலையால் காட்டுப்பாக்கத்தில் வண்டி ஊர்ந்தது. அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை. போர்டில் 'கூடாரம் லேடீஸ் டெய்லர்ஸ்' என்று இருந்தது. "அம்மா, நம்ம பேரு!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினார். "வாய மூடு. அத்தா கிட்ட போய் உளறாதே" என்றார். உளறாமல் இருக்க முடியுமா? வீட்டுக்குள் கால் வைத்ததும் சொல்லிவிட்டேன்.

எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார் அத்தா. ஞாயிற்றுக்கிழமை, ஜும்மாவுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னை வண்டியில் ஏற்றினார். புதுச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிற குஷியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடையில் ஒரு பெண் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தா வாசலோடு நின்றுவிட்டார். நான்தான் உள்ளே போய், "உங்க பேரும் கூடாரமா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா பாப்பா அந்தப் பேரு? இந்தக் கடைய வச்ச அக்காவோடது அது. இப்ப ஆவடியில கீறாங்க. மனசுக்குப் புடிச்சவரக் கட்டிகினாங்கன்னு பொறந்த ஊட்ல தலமுழுகிட்டாங்களாம். கடைய எனக்கு வுட்டுட்டுப் போறப்ப, பேர மட்டும் மாத்தாதன்னாங்க."

வாசலிலிருந்து அத்தா, "என் தங்கச்சி நல்லா இருக்காளா?" என்றார்.

அந்தப் பெண் மெஷினை நிறுத்தினார். அத்தாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனில் நம்பரைப் போட்டு நீட்டினார். "ஹலோ, யாரு?" என்ற குரல் எனக்கே கேட்டது. வாங்கிய வேகத்தில் அத்தா போனை என் கையில் திணித்துவிட்டார்.

"நான் பூந்தமல்லி கூடாரம் வீட்டுப் பொண்ணு பேசுறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பாவம், சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். ஆனாலும் வந்த வேலையை விட முடியுமா?

"உங்க வீட்ல நம்ம பேரு எத்தன பேருக்கு இருக்கு?"

"நான் ஒருத்திதாம்மா" என்றது குரல்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "ஒருத்தர்தானாம் அத்தா" என்று திரும்பினால், அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இன்னும் நாலு பேராவது கிடைத்திருக்கக் கூடாதா என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.