குணமானதற்கு ஒரு மொட்டை

சித்திரை வெயிலில் கணபதி என்ற எங்கள் ஊரில் தெருவே விசிறிக்கு அடியில் கிடந்தபோது, நான் மட்டும் எழுந்துபோய் விசிறியை நிறுத்தினேன். குளிர் தாங்கவில்லை. பட்டறையிலிருந்து சாப்பிட வந்திருந்த என் கணவர், "ஏனம்மணி, ஊட்டியிலயா இருக்கறே?" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது அது.

அப்புறம் முகம் ஊதியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் பெயர் தொண்டைவரை வந்து நின்றுகொள்ளும். கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு, மீதி என்னவென்று தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ஹைப்போதைராய்டு (கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காமை) என்றார் டாக்டர். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. சில மாதம் கழித்து டி.எஸ்.எச். (அந்தச் சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோன்) அளவைத் திரும்பப் பார்க்கலாம் என்றார்.

விஷயம் கேட்டுச் சோமனூரிலிருந்து அம்மா பஸ் ஏறி வந்தாள். அப்பா போனபிறகு விசைத்தறி ஓட்டி என்னைப் படிக்கவைத்தவள். வந்ததும் பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "முருகா, டெஸ்ட்டு நல்லபடியா வந்தா எம் புள்ளைக்கு மொட்டை போடறேன்" என்று வேண்டிக்கொண்டாள். தலை என்னுடையது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கம் அம்மாக்கள் அப்படித்தான்.

டெஸ்ட் நல்லபடியாகவே வந்தது. உடம்புதான் வரவில்லை.

"அளவு நார்மல்மா" என்றார் டாக்டர்.

"அசதி அப்படியே இருக்குதுங்க சார். கைகாலெல்லாம் சில்லுனு இருக்குது."

"மருந்து சரியாத்தான் வேலை செய்யுது. மனசத் தைரியமா வெச்சுக்குங்க."

வெளியே பெஞ்சில் அம்மா இருந்தாள். 'நார்மல்' அவள் காதுக்கு எட்டியிருந்தது. "சாமி கேட்டுருச்சு கண்ணு" என்று அழுதாள். அந்த முகத்தைப் பார்த்து இன்னும் சரியாகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழனியில் தலையில் தண்ணீர் ஊற்றியதும் பல் தந்தியடித்தது. மிச்சமிருந்த முடியும் மடியில் விழுந்தது. அழுதேன். அம்மா சந்தனம் பூசிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மொட்டைத் தலை ஊருக்கே செய்தி சொல்லிவிடும். உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முன்பின் தெரியாத ஓர் அம்மாள், "வேண்டுதலுங்களா? நல்லாயிருச்சுங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் அம்மா. "நல்லாயிருச்சுங்க" என்றேன். அதன்பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் படுத்தால், "ரிப்போர்ட்டே நல்லா இருக்குது, இன்னும் என்ன?" என்பார் கணவர். அந்தக் காகிதத்தின்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சில வருடங்கள் கழித்து வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தசோகை முதலாக எல்லாம் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. "அளவு சரியா இருந்தும் சில பேருக்கு இப்படி இருக்குதுங்க. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல. ஆனா நீங்க சொல்றது பொய்யில்லைங்க" என்றார். புதிதாக மருந்து எதுவும் தரவில்லை. இருந்தும் வீடுவரை அழுதுகொண்டே வந்தேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடம்பு சொல்வதையும் விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். அம்மாவிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை.

அவள் கடைசியாகப் படுத்ததும் ஒரு சித்திரையில்தான். சோமனூர் வீட்டில், மதியம், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே அவளருகில் படுத்திருந்தேன். என் கால் அவள்மேல் பட்டது. தன் போர்வையை இழுத்து என் காலில் போட்டாள்.

"இன்னும் சில்லுனுதான் இருக்குது" என்றாள். "பழனியிலயே தெரியும் கண்ணு. கையப் புடிச்சுத்தான எறங்குனேன்."

"அப்பறம் ஏம்மா சொல்லல?"

"நல்லாயிருச்சு நல்லாயிருச்சுன்னு சொல்லிட்டே இருந்தா, சாமி வெக்கப்பட்டாவது குடுத்துப்போடும்னு பாத்தேன்."

அந்த வாரமே போய்விட்டாள்.

முடி வளர்ந்தது, மெலிதாக. ஒரு வேலை முடிந்தால் உட்கார்ந்துதான் அடுத்ததற்கு எழுகிறேன். மற்றவர்களின் பகலில் பாதிதான் என் பகல். அதற்குள் ஆனதைச் செய்கிறேன். சித்திரை வந்தால் காலைப் போர்த்திக்கொள்கிறேன். நல்லாயிருச்சா என்று யாராவது கேட்டால், "இன்னும் இல்லைங்க" என்கிறேன். கேட்காமலே தெரிந்துவைத்திருந்தவள்தான் இல்லை.