வெயிலில் பார்த்த பொறி

தடா பக்கம் ஏரிக்கரையில், கணவர் படகு இன்ஜினின் பிளக்கைக் கழற்றி, அதன் இரும்போடு ஒட்டிவைத்து, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தார். பொறி நீலமாகத் தெறித்தால் பிளக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்; அதைப் பார்ப்பது என் வேலை. வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. முந்தானையால் நிழல் பிடித்துப் பார்த்திருக்கலாம். இடுப்பில் குழந்தை அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னா மே, நீலமா வருதா?”

“வருது” என்றேன். பிளக்கை மாற்றாமலே கிளம்பினார்.

ஏரி நடுவில் இன்ஜின் நின்றுவிட்டது. கோல் ஊன்றியே மாலையில் கரை சேர்ந்தார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

“பெட்ரோல்ல தண்ணி கலந்துக்கினு இருக்குது” என்று டேங்கைக் கவிழ்க்கப் போனவரைத் தடுத்தேன்.

“காலைல நான் பொறியப் பாக்கவே இல்ல. சும்மா சொல்லிட்டேன்.”

“படிச்சவளாச்சேன்னு நம்பிக்கினு போனேன் பாரு” என்று சிரித்தார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.