சலங்கைக்கு ஓர் இடம்

என் மருமகள் நாட்டியக்காரி. அம்பாசமுத்திரத்துப் பெண், எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம். ஏழு வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வந்து பரதம் கற்றவள். கல்யாணத்துக்கு முன்பே பல ஊர் மேடைகளில் ஆடியிருக்கிறாள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். காலையில் வீட்டுக் கூடத்தில் அவளும் ஆடிப் பழகுவாள்.

வரும்போதே சலங்கையைச் சிவப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அலமாரியில் என் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கட்டுவதற்கு முன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள். எனக்கு அது உறுத்தியது. நம்ம சபைப் பிள்ளை, மணியைப் போய்க் கும்பிடுகிறாளே என்று பயம். காலில் கட்டுவது வேதத்தின் பக்கத்தில் இருக்கலாமா? ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது அதை எடுத்து வாசலில் செருப்பு ஸ்டாண்டில் வைத்தேன். தட்டைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன். தப்பு என்று தோன்றவே இல்லை.

"அத்தை, சலங்கையப் பாத்தீளா?"

"அங்கன வாசல்ல, செருப்பு ஸ்டாண்டுல இருக்கு பாரு."

போனவள் அங்கேயே நின்றாள். அந்த வாரம் தாய்வீட்டுக்குப் போய்ச் சலங்கையை அங்கே விட்டுவிட்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தாள், சமைத்தாள், ஜெபத்துக்கு உட்கார்ந்தாள். தான் மட்டும் ஆடவில்லை.

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "என் மூக்குக்கண்ணாடியையும் செருப்பு ஸ்டாண்டுலயே வச்சிரு. நடக்கதுக்குத்தான ஒதவுது" என்றார்.

ஒரு நாள் மகன் வந்து சொன்னான். சென்னையில் பெரிய மேடை ஒன்றில் தனியாக ஆட அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் எத்தனையோ வருஷம் காத்திருந்த வாய்ப்பு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மாட்டேன்னு சொல்லப் போறாளாம்."

"ஏம்லே?"

"நீயே கேளு."

நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் குடும்ப ஜெபம். மடியிலிருந்த வேதம் நழுவித் தரையில் விழுந்துவிட்டது. பதறி எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான், யாரும் சொல்லித்தரவில்லை. நிமிர்ந்தால் எதிரே மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குத்தான் ஜெபம் ஓடவில்லை. நான் புத்தகத்தையா கும்பிட்டேன்? கீழே விழுந்ததே என்று மனசு துடித்தது, அவ்வளவுதான். அவளுக்கும் அவ்வளவுதானோ?

சனிக்கிழமை அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். சம்பந்தியம்மாள் பயந்துபோய் வாசலுக்கு வந்தார்.

"என்ன மைனி, சொல்லாம கொள்ளாம?"

"பிள்ளையோட சலங்கைய வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

உள்ளே போய் எடுத்துவந்து கையில் வைத்துக்கொண்டே நின்றார். "செருப்போட வச்சீங்களாமே."

"தெரியாமத்தான் வச்சேன், மைனி."

"தெரியலன்னா அவகிட்ட கேட்டிருக்கலாம்லா."

நான் கையை நீட்டிச் சலங்கையை வாங்கிக்கொண்டேன். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும்போது மடியில் வைத்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் கலகலத்தது. பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள், "பேத்திக்கா?"

"மருமவளுக்கு."

"மருமவ ஆடுதாளா? நீங்க விடுதீளா?"

"அவ ஆடுததுக்கு விட நான் யாரு?" என்றேன். சொன்னபிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

வீட்டில் அவள் கையிலேயே கொடுத்தேன். "நான் செஞ்சது தப்பு, பிள்ள" என்றேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பீரோவின் மேல்தட்டில் இருந்த, ஞாயிறு ஆராதனைக்கு நான் கட்டும் கோயில் சேலைகளைக் கீழே இறக்கி இடம் செய்தேன். வேதத்தின் பக்கத்தில் வைக்க மட்டும் மனசு இன்னும் ஒப்பவில்லை. அதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"இந்த எடம் போதும், அத்தை" என்றாள்.

திங்கட்கிழமை காலை என் ஜெபம் முடியக் காத்திருந்து கூடத்தில் சலங்கை கட்டினாள். அடுப்படியிலிருந்தே கேட்டேன், "சென்னைக்கு என்ன சொன்ன?"

"இன்னும் போன் பண்ணல, அத்தை. பத்து மணிக்கு மேலதான் எடுப்பாங்க."

"என்ன சொல்லப் போற?"

"வாரேன்னுதான்" என்றாள், காலை நிறுத்தாமலே.