வடக்கு ஓரம், தெற்கு ஓரம்

இந்த மலையாள ஊரில் மாட்டுவண்டியை நிறுத்துவதற்கும் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. நேற்று வடக்கு ஓரத்தில் நின்ற வண்டி இன்று தெற்கு ஓரத்தில் நிற்க வேண்டும். வண்டிகள் வாசலை மறைக்கின்றன என்று இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் மாறிமாறிப் புகார் சொல்ல, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள எங்கள் சந்தில் நகரசபை ஒரு பலகை நட்டது. ஒற்றைப்படைத் தேதிக்கு வடக்கு, இரட்டைப்படைக்குத் தெற்கு. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் மாடு எந்த நிழலில் நிற்கப் பிரியப்படுகிறதோ அதுவே வண்டிப்பேட்டை. இங்கே மாட்டின் பிரியத்தை யார் கேட்கிறார்கள்!

அந்தச் சந்தில் காய்கறி மூட்டை ஏற்ற நிற்கிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். மலையாளப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தவன் நான் என்பதால், விடியற்காலையில் நான் எந்தப் பக்கம் நிறுத்துகிறேனோ அதே பக்கம் மற்ற நால்வரும் நிறுத்துவார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே தலைமைப் பதவி அது.

ஆவணி மாதம் பாதி போவதற்குள் இரண்டு முறை பிடிபட்டோம். நகரசபைச் சேவகர் கேசவன் பிள்ளை தினமும் வரமாட்டார். வந்தால் பேசவும் மாட்டார். சக்கரத்தின் கடையாணியைப் பிடுங்கிக் காக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கடையாணி இல்லாத வண்டியை எங்கே ஓட்டுவது? நகரசபை அலுவலகத்தில் ஒரு தட்டு நிறையக் கடையாணிகள் கிடக்கும். உச்சிவெயில் வரை காத்திருந்து, நம்முடையதை நாமே அடையாளம் சொல்லி வாங்கிவர வேண்டும். மூன்றாம் முறை பிடிபட்டால் வண்டியின் நம்பர்த் தகட்டையே கழற்றிவிடுவார்கள். தகடு போனால் பிழைப்பும் போச்சு. சரியான பக்கம்தானே நிறுத்தினோம் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. ஆட்களைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற சுபாவம் எனக்கு.

மூன்றாம் முறை அவர் வந்தபோது கையில் திருப்புளி இருந்தது. அது நேராக என் தகட்டுக்குப் போனது.

"படிச்சவன் பின்னால போனா இப்படித்தாம்வே," என்றான் பின்வண்டிச் சுடலைமுத்து. "மாட்டுக்குப் பின்னாலயாவது போயிருக்கலாம்."

அந்தக் குத்தல்தான் என் வாயைத் திறந்தது.

"ஐயா, இன்னிக்குப் பதினேழு. ஒத்தப்படை. வடக்கு ஓரம் சரிதானே?"

கேசவன் பிள்ளை திருப்புளியை நிறுத்தினார். "பதினேழா? ஆரு சொன்னா அண்ணாச்சி?"

"காலையில நானே காலண்டர்ல கிழிச்சேன்."

அவர் என்னை எதிரே இருந்த சாயக்கடைக்குள், அதாவது டீக்கடைக்குள், அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். சிங்க மாதம் பதினாறு. நம் ஆவணிக்கு இங்கே அதுதான் பெயர்.

"நிங்கள் காலண்டர் எவிடத்தது?"

"திருநெல்வேலியிலேர்ந்து மச்சினன் அனுப்புவான்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சாயக்கடையே சிரித்தது. மாதம் பிறக்கும் நேரத்தை அவர்கள் ஒரு விதமாகக் கணக்கிடுகிறார்கள், நாம் ஒரு விதமாக. அதனால் சில மாதங்கள் நமக்கு ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிடுகின்றன. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. பலகை நின்றது அவர்கள் தேதியில். மாடு நின்றது என் தேதியில்.

"நாளைய வண்டிய இன்னிக்கே நிறுத்தினா எப்படி அண்ணாச்சி? சீக்கிரம் மாத்து!" என்றார். திருப்புளி பைக்குள் போனது. அந்தக் குறுகிய சந்தில் ஐந்து வண்டிகளையும் திருப்புவதற்குள் கடைத்தெரு முழுவதும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஆனால் தகடு வண்டியில்தான் இருந்தது.

இப்போது வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர்கள் அருகருகே தொங்குகின்றன. வண்டி நிறுத்துவது மலையாளத் தேதிப்படி, விரதமும் விசேஷமும் மச்சினன் அனுப்பியதன்படி. மச்சினனுக்குக் கடிதம் எழுதினால் தலைப்பில் இரண்டு தேதியும் போடுகிறேன். இரண்டும் ஒன்றாகிவிடும் மாதங்களும் உண்டு. அப்போது ஏதோ ஒன்றைத் தொலைத்ததுபோல இருக்கும். மற்ற மாதங்களில், "இன்னிக்கு என்ன தேதி?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டால், நான் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டுக் கேட்கிறேன்:

"மாட்டுக்கா, வீட்டுக்கா?"