பாட்டு நிற்கக் கூடாத குளியலறை

அந்த மாடிக் குடியிருப்பில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் சொல்வார்கள். குரல் நன்றாக இருக்கிறது என்று யாரும் வைத்த பெயர் இல்லை, குரல் படுமோசம். குளியலறைக்குள் போனால் வெளியே வரும்வரை வாய் ஓயாமல் பாடுவாள், அதனால் வந்த பெயர். பாட்டு தீர்ந்தால் விளம்பரம் பாடுவாள். அதுவும் தீர்ந்தால், வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்கச் சொல்வதையே எடுத்துவிடுவாள்: "மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க."

பாடாமல் இருக்க முடியாது. அது அம்மா போட்ட சட்டம். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், அப்பா அதே குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனவர், நெஞ்சு வலித்து உள்ளேயே சரிந்துவிட்டார். மேல்வீட்டுத் தச்சர் ஓடிவந்து கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பிய கையோடு அம்மா திருப்புளியை எடுத்தாள். வாசல் கதவைத் தவிர வீட்டிலிருந்த அத்தனை தாழ்ப்பாளையும் கழற்றிப் போட்டாள். அன்றிலிருந்து உள்ளே போனவர் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பாள். நாற்பதைத் தாண்டிய மகள் உடம்பில் துணி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அம்மாவுக்கு ஒரு பொருட்டா என்ன?

அண்ணன் புத்திசாலி. வெளியூரில் வேலை கிடைத்த அன்றே பெட்டியைக் கட்டிவிட்டான். இவளுக்கும் இரண்டொரு வரன் வந்தது. அம்மா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ போம்மா, நான் எப்படியோ இருந்துக்கிறேன்" என்றாள். அந்த 'எப்படியோ'வைக் கேட்ட பிறகு எவள் கிளம்புவாள்?

இப்படி இருந்தவள் கையில்தான் அந்தக் கேமரா வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் பழைய சாமான் அறையைக் காலி செய்தார்கள். மரப்பெட்டி, தோல் துருத்தி, ஆளுயர முக்காலி. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளைப் படம் பிடித்து வைக்க எந்தக் காலத்திலோ வாங்கியது. பக்கத்திலேயே, கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்த பிறகு யாரும் தொடாத பிலிம் பெட்டி ஒன்று. "குப்பைக்குப் போறதுதானே, தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றார் மேனேஜர்.

"ஐயோ, இது என்னடி பூதம்!" என்றாள் அம்மா.

பூதம்தான், விடாமல் பிடித்துக்கொண்டது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, கேமராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியைப் பார்த்தாள். கூடம் முழுக்கத் தலைகீழாக அதில் தெரிந்தது. அம்மாவின் நாற்காலி உத்தரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே உலகம் இருக்க, தான் மட்டும் உள்ளே தனியாக இருப்பது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இங்கே பாட வேண்டியதில்லை என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்து அம்மாவின் இரண்டு பாதங்களும் கூரையில் நடந்து வந்தன. வர வரப் பெரிதாகி, கலங்கி, மறைந்தன. துணி விலகியது.

"என்னடி சத்தத்தையே காணோம்? மூச்சு முட்டலையா?"

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். லென்ஸை மூட மறந்துவிட்டுப் பிலிமின் முன்னால் இருக்கும் தகட்டை உருவினாள், பிலிம் வீணானது. அடுத்த முறை லென்ஸில் எல்லாம் சரியாகச் செய்தவள் தகட்டை உருவவே மறந்தாள். பிலிமில் ஒன்றுமே விழவில்லை. அசடு என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். கேமரா பழக்கமானது. பிரச்சினை பிலிமைக் கழுவும் இடத்தில்தான். எக்ஸ்ரே பிலிமைச் சிவப்பு விளக்கில் கையாளலாம், ஆனால் வேறு வெளிச்சம் கூடாது. வீட்டில் இருட்டாக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. அந்தக் குளியலறை. ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை வைத்தாள், கதவிடுக்கில் துணி சொருகினாள், தட்டில் மருந்து ஊற்றிப் பாடிக்கொண்டே கழுவினாள். ஒரு தும்மல் வந்து பாட்டு தடைப்பட்டால் போதும், "என்னாச்சு?" என்று கதவு திறக்கும், பிலிம் போய்விடும். பெட்டியில் இருந்தது இப்படியே கரைந்துகொண்டு வந்தது. ஒரு படம். முழுசாக ஒரே ஒரு படம், ஆரம்பித்து முடிக்கிற வரைக்கும் தன்னுடையதாக இருக்க வேண்டும். அதை மட்டும்தான் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்பதுதான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். "மூச்ச இழும்மா, பிடி, அசையாத." எடுத்து முடித்து, தகட்டைச் சொருகி, நிமிர்ந்தால் அம்மா முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா! விடும்மா!"

"நீதான் விடுன்னு சொல்லவே இல்லையே" என்று அம்மா புஸ்ஸென்று மூச்சை விட்டாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

சிரித்த முகத்தோடு உள்ளே போனவள் தட்டிலிருந்த மருந்தில் பிலிமை அமிழ்த்தினாள். பாடினாள். வெறும் பிலிமில் மெல்ல ஒரு தோள் வந்தது, நாற்காலியின் கை வந்தது, பிறகு அம்மாவின் நெற்றி. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருந்தாலும் அம்மாதான். அடடா என்று குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கதவு படாரென்று திறந்தது.

"ஏன்டி பாட்ட நிறுத்தின?"

பிலிம் அவள் கண்ணெதிரே கறுத்தது. அவளுக்குள் என்னவோ அறுந்தது. "நான் சாகலம்மா! செத்தது அப்பா! நான் உயிரோடதான் இருக்கேன், என்னை ஏன் தினம் தினம் சாகடிக்கிற?" என்று கத்தினாள். மேல்வீடு வரை கேட்டிருக்கும். அம்மா வாசல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். பெரிய பாரத்தை இறக்கி வைத்ததாக நினைத்த மகளுக்கு, கொஞ்ச நேரத்தில் அழுகைதான் வந்தது.

அம்மா திரும்பி வந்தபோது கூடவே தச்சர் வந்தார். கையில் புதுத் தாழ்ப்பாள்.

"என்ன, ரேடியோவுக்கு லீவு விட்டாச்சா?" என்று சிரித்தபடி குளியலறைக் கதவின் உட்பக்கம் அதை முடுக்கினார். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவர் போனதும் சொன்னாள்:

"உள்ள போ. பூட்டிக்கோ. நீ பாட வேண்டாம். நான் வெளிய பாடுறேன். எனக்கு அது போதும்."

பெட்டியில் கடைசிப் பிலிம்தான் பாக்கி. மறுபடி ஜன்னலோரம், மறுபடி மூச்சு, இந்த முறை மறக்காமல் "விடு." உள்ளே போனாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். அந்தச் சத்தம் காதுக்கு இனித்தது. வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மா பாட ஆரம்பித்தாள். மகளுக்குத் தன் குரல் எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகிவிட்டது.

சிவப்பு வெளிச்சம். மருந்து. பிலிம். யாரும் வர மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றாள். தோள் வந்தது. நாற்காலியின் கை வந்தது. நெற்றி, மூக்கு, இறுக்கிப் பிடித்த உதடு. இன்னும் கொஞ்ச நேரம், பிறகு அடுத்த தட்டில் போட்டுவிட்டால் படம் நிலைத்துவிடும்.

வெளியே பாட்டு நின்றது.

வரி மறந்திருப்பாள் என்று நினைத்தாள். காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. "அம்மா?" என்றாள். பதில் இல்லை. இருமியிருப்பாள், எழுந்து போயிருப்பாள், தூங்கியிருப்பாள். எத்தனை காரணம் சொல்லியும் மனசு கேட்கவில்லை. தட்டில் அம்மாவின் கண்கள் இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தன. கை தட்டில் இல்லை, தாழ்ப்பாளில் இருந்தது. இழுத்தாள். பகல் வெளிச்சம் மொத்தமும் உள்ளே வந்தது.

சமையலறை வாசலில் அம்மா தம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். வாய் நிறையத் தண்ணீர். விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

"ஏன்டி திறந்துட்ட? தொண்டை வறண்டு போச்சேன்னு ஒரு வாய் தண்ணி குடிக்க வந்தேன்."

"பாட்டு நின்னுடுச்சும்மா."

மகள் மருந்து சொட்டும் கையோடு அம்மாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தட்டில் கடைசிப் பிலிம் கறுத்துக்கொண்டிருந்தது. அம்மா அருகில் வந்து, அந்த ஈரக் கையை எடுத்துத் தன் முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"எனக்கு இத்தனை வருஷமா இப்படித்தான்டி இருக்கு" என்றாள்.